‘பார்ட் வந்ததும் கூப்பிடுறோம்’: காரில் பெட்ரோல் கசிந்தால், ரீகால் பழுது தாமதமானால் என்ன செய்வது?

செட்டியார்பட்டியில் என் தாய்மாமா வீட்டில் கார் நிற்பது போர்டிகோவில். அதை ஒட்டியே அடுப்படி ஜன்னல். போன கோடையில் ஒரு நாள் காலை அத்தை, "ஏங்க, வண்டிப் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்குதே?" என்றார். மாமா குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. "நேத்துதானே டேங்க் ஃபுல் பண்ணினேன், அந்த வாடையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாளும் அதே வாடை. மூன்றாம் நாள்தான் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பானட்டைத் திறந்தார். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸ் இணைப்பில் ஈரம். துணியால் துடைத்தால் திரும்பவும் ஈரம். "அண்ணாச்சி, இந்த மாடலுக்கு கம்பெனி ரீகால் ஏதோ சொன்னாங்கன்னு ஞாபகம். சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க" என்றார்.

போனில் கம்பெனி தளத்துக்குப் போய் நான்தான் போட்டுப் பார்த்தேன். வண்டி பட்டியலில் இருந்தது. அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. மாமாவுக்கு ஒரு கடிதமோ ஒரு எஸ்.எம்.எஸ்ஸோ வரவில்லை. காரணம் எளிது. அது செகண்ட் ஹேண்ட் வண்டி. கம்பெனியின் பதிவில் இருந்தது முதல் ஓனரின் போன் நம்பர்.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். "ஆமா சார், ரீகால் இருக்கு. ஆனா பார்ட் ஸ்டாக் இல்ல. வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். அதற்குப் பிறகு நடந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் பாடமாக எழுதியிருக்கிறேன். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது ஒரு நாள் உதவும்.

பெட்ரோல் வாடை ஏன் சின்ன விஷயம் இல்லை?

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் தீப்பிடிக்கிறது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடக்கூடியது பெட்ரோல். நம் ஊர் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். போர்டிகோவில் கசிந்த பெட்ரோலின் ஆவி அடுப்படி வரைக்கும், வாசலில் ஏற்றி வைத்த விளக்கு வரைக்கும் போகலாம். காற்றில் வெறும் ஒன்றரை சதவீத அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும்.

இன்னொரு விஷயம், அழுத்தம். இன்றைய சாதாரண பெட்ரோல் கார்களில் பம்ப் பெட்ரோலை 3 முதல் 4 பார் அழுத்தத்தில் இன்ஜினுக்குத் தள்ளுகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். அதனால் சின்ன விரிசல்கூட சொட்டாக இல்லாமல் தூவானமாகப் பீய்ச்சும். பக்கத்திலேயே சூடான சைலன்சர் பைப் இருக்கிறது.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. காமன் ரெயில் டீசல் இன்ஜினில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

கசிவை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மாமா செய்த முதல் தவறு, தரை காய்ந்திருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று நினைத்தது. சூடான சிமென்ட் தரையில் விழும் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகிவிடும். கறைகூடத் தெரியாமல் போகலாம். அதனால் கண்ணைவிட மூக்கை நம்புங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பக்கத்தில் காலையில் வாடை வருகிறதா? பெட்ரோல் போட்ட அன்று லேசாக வருவது சகஜம். மறுநாளும் வந்தால் சகஜம் இல்லை.

2. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். ஏ.சி. தண்ணீர் விழுந்தால் நிறமும் வாடையும் இருக்காது. பெட்ரோல் பட்ட இடம் காய்ந்த பிறகும் வாடை இருக்கும். எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதும் மெக்கானிக்குக் குறிப்பாக உதவும்.

3. ஓட்டும் விதம் மாறாமல் மைலேஜ் மட்டும் திடீரென்று குறைகிறதா?

4. தோப்பு, வயல், வைக்கோல் படப்பு பக்கத்தில் வண்டி நிறுத்துகிறீர்களா? எலி ஹோஸைக் கடித்திருக்கலாம். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

5. பெட்ரோல் பங்கில் பம்ப் தானாக ‘டக்’ என்று நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம் போடுங்க, ரவுண்டா வரட்டும்" என்று சொல்லும் பழக்கம் உண்டா? அதை விட்டுவிடுங்கள். டேங்கில் மேலே இருக்கும் வெற்றிடம் ஆவிக்கும், வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் விடப்பட்டது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் பாகங்களையும் கவனிக்கணும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மாடல்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம். அடுத்த சர்வீஸில் "ஃபியூவல் ஹோஸ் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்திருங்க" என்று கேட்டு, அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

வாடை கடுமையாக வந்தால் உடனே செய்ய வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும்போது என்றால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். எல்லோரையும் இறக்கி வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பேட்டரி ஒயரை நீங்களாகக் கழற்ற வேண்டாம், கழற்றும்போது பொறி வரும்.

பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் பானட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே காற்று புகுந்து தீ சட்டென்று பெரிதாகும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். தீயணைப்புக்கு 101, பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

வீட்டில் நிற்கும்போது என்றால், அடுப்பையும் விளக்கையும் அணையுங்கள். சுவிட்சுகளைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். முடிந்தால் இன்ஜினைப் போடாமல் ஆட்கள் சேர்ந்து வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிவிடுங்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் டோயிங் வண்டிக்குச் சொல்லுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். பல பேர் பணம் கட்டியிருந்தும் பயன்படுத்துவதே இல்லை.

ரீகால் என்றால் என்ன?

ஒரு வண்டியில் மட்டும் ஹோஸ் கிழிந்தால் அது பழுது. ஒரே காலத்தில் தயாரான ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒரே பாகத்தில் குறை இருந்தால் அது தயாரிப்புக் குறை. அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து, கம்பெனி தன் செலவில் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால்.

நம் நாட்டில் எரிபொருள் கசிவுக்காக நடந்த பெரிய ரீகால்கள் உண்டு. 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் ஏ-ஸ்டார் கார்கள் சுமார் 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்பின் கேஸ்கெட் வழியாகக் கசிய வாய்ப்பு இருந்தது. 2014 ஏப்ரலில் அதே நிறுவனம் டிசையர், ஸ்விஃப்ட், எர்டிகா என மூன்று மாடல்களில் 1,03,311 கார்களை அழைத்தது. 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரானவை அவை. குறை இருந்தது, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில். தானாக நிற்கும் அளவுக்கு மேல் நிரப்பினால் வாடை வரலாம், சில வண்டிகளில் கசியவும் செய்யலாம் என்பதுதான் காரணம். ‘ரவுண்டாப் போடுங்க’ பழக்கத்தை விடச் சொன்னது இதனாலும்தான்.

அந்தக் காலத்தில் ரீகால் என்பது கம்பெனிகள் தாங்களாகவே செய்தது. 2012 ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் தானாக ரீகால் செய்வதற்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110-ஏ பிரிவு சேர்ந்தது. ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து தரும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்படி அழைக்கப்பட்ட வண்டியைக் கம்பெனி பழுது பார்த்துத் தரணும், அல்லது மாற்று வண்டி தரணும், அல்லது விலையைத் திருப்பித் தரணும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா?

இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆர்.சி. புத்தகத்தில், அல்லது டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலியில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடம் இருக்கும். அதில் ஆங்கில ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ எழுத்துகள் வராது. அதனால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், நேர்க்கோடாகத் தெரிவது ஒன்றுதான். இதைத் தப்பாக அடித்துவிட்டு "வண்டி பட்டியலில் இல்லை" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு.

பிறகு உங்கள் கார் கம்பெனியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ரீகால் பகுதியைத் தேடி அந்த எண்ணைப் போடுங்கள். தளத்தில் கிடைக்கவில்லை என்றால் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம். வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் இரண்டு இடத்தில் பெயரையும் போன் நம்பரையும் மாற்றணும். ஒன்று, ஆர்.சி. எங்கள் மாமா மாதிரி ‘டி.என். 84’ பகுதியில் இருப்பவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம், பரிவாகன் தளத்தில் மொபைல் எண் மாற்றம். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். கம்பெனியின் வாடிக்கையாளர் பதிவு தனி. ஆர்.சி.யில் பெயர் மாறியதால் அது தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, "வண்டி இப்போ என் பேர்ல இருக்கு, நம்பரை மாத்திக்கோங்க" என்று சொன்னால் போதும்.

ரீகால் பழுதுக்குக் கம்பெனிகள் பணம் வாங்குவதில்லை. வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் இரண்டாவது ஓனர் என்ற காரணங்களைச் சொன்னால், ரீகால் அறிவிப்பைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் எலி கடித்த ஹோஸுக்கு ரீகால் பொருந்தாது, அது நம் செலவு.

"பார்ட் இல்லை" என்றால் என்ன செய்வது?

ஒரே நேரத்தில் லட்சம் வண்டிக்கு ஒரே பாகம் தேவைப்படும்போது தாமதம் வருவது உண்மைதான். பாகத்தைத் தயாரித்து, சோதித்து, ஒவ்வொரு ஊருக்கும் அனுப்பணும். ஆனால் அந்த நாட்களில் ஆபத்து நம் வீட்டு வாசலில் நிற்கிறது. அதனால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள்.

முதலில் ஜாப் கார்டு. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பதிவு செய்து, ‘பெட்ரோல் வாடை, ஹோஸ் இணைப்பில் கசிவு, ரீகால் நிலுவை’ என்று எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். ஓடிய கிலோமீட்டர், தேதி அதில் இருக்கணும். கசியும் இடத்தைப் போட்டோவும் சிறு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல். தமிழிலேயே எழுதலாம். சேசிஸ் எண்ணைப் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா, கூடாதா?
2. வீட்டை ஒட்டி நிறுத்தலாமா?
3. பார்ட் எந்தத் தேதிக்குள் வரும்?
4. அதுவரை மாற்று வண்டியோ, வண்டியை எடுத்துப்போக டோயிங்கோ தருவீர்களா?

நான்காவதற்கு "முடியாது" என்று பதில் வரலாம். ஆனால் முதல் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றதும் விஷயம் வேறு மேஜைக்குப் போகும்.

மூன்றாவது, ஒரே சர்வீஸ் சென்டரை நம்பிக் காத்திருக்காதீர்கள். ராஜபாளையத்தில் பார்ட் இல்லை என்றால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கலாம். அதே கம்பெனியின் வேறு அங்கீகரிக்கப்பட்ட இடத்திலும் ரீகால் வேலையைச் செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். ஆனால் கசியும் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இன்சூரன்ஸையும் நினைவில் வையுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டி எரிந்ததற்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், வண்டியைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. கசிவு தெரிந்தும் ஓட்டினீர்கள் என்றால் கேள்வி வரும்.

எங்கே புகார் செய்யலாம்?

வாகன் தளத்தின் ரீகால் பகுதி: வண்டியின் உரிமையாளர் இங்கே குறையைப் பதிவு செய்யலாம். ஒரு ஆள் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு 10,000க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால், 1,250 புகார்கள் சேரும்போது அரசு ரீகாலுக்கான விசாரணைக்கு வழி பிறக்கிறது. உங்கள் புகார் அந்த எண்ணிக்கையில் ஒன்று.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915: தமிழில் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை. புகார் எண் தருவார்கள், குறித்து வையுங்கள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: மேலே சொன்ன வழிகளில் தீரவில்லை என்றால் இங்கே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு இது ஸ்ரீவில்லிபுத்தூரில் செயல்படுகிறது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் பதிவு செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போடணும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் பாதிப்பு வந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது.

ரீகால் அறிவித்துவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது என்பதற்கு வெளிநாட்டில் ஒரு உதாரணம் உண்டு. பின்பக்கம் இடி வாங்கினால் டேங்கில் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், அமெரிக்காவில் 2013இல் சுமார் 15 லட்சம் ஜீப் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யும் வேலை இழுத்துக்கொண்டே போனது. அந்த ரீகாலையும் சேர்த்து 23 ரீகால்களைச் சரியாக நடத்தாததற்காக, 2015 ஜூலையில் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

மாமா வண்டி என்ன ஆச்சு?

ரீகால் நிலுவை என்று தெரிந்த அன்றே வண்டியைப் போர்டிகோவிலிருந்து தள்ளிக்கொண்டு போய், தெருக்கோடியில் காலி இடத்தில் நிறுத்தினோம். குற்றாலம் சீசனுக்குப் போட்டிருந்த திட்டம் பஸ்ஸுக்கு மாறியது. மாமாவுக்கு முகமே சரியில்லை. "காசு போட்டு வாங்கின வண்டி வெயில்ல கிடக்கு, நான் பஸ் ஸ்டாண்டில கிடக்கேன்" என்று புலம்பினார்.

மூன்று வாரம் போன் மட்டும் செய்துகொண்டிருந்தோம். "இன்னும் வரல சார்" என்பதுதான் பதில். நான்காவது வாரம் மேலே சொன்ன நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, 1915இலும் பதிவு செய்தோம். இரண்டு நாளில், வண்டியை ஓட்ட வேண்டாம் என்று எழுத்தில் பதில் வந்தது. பதினொரு நாளில் பார்ட் வந்தது. டோயிங் வண்டியும் அவர்களே அனுப்பினார்கள். எழுதியதால் வந்ததா, வரவேண்டிய நேரம் வந்துவிட்டதா, தெரியாது. முதல் நாளே எழுதியிருக்கலாமே என்றுதான் மாமா சொன்னார்.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ‘ரீகால் பணி முடிந்தது’ என்று எழுதி வாங்கினோம். மாற்றிய பாகத்தின் பெயரும் தேதியும் அதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேசிஸ் எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நிலுவை எதுவும் இல்லை என்று வந்தது. அன்றைக்குத்தான் வண்டி போர்டிகோவுக்குத் திரும்பியது. அத்தை இன்னும் தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஜன்னல் பக்கம் வந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

இன்றே செய்யுங்கள்

1. ஆர்.சி.யை எடுத்து 17 இட சேசிஸ் எண்ணைப் போனில் குறித்து வையுங்கள்.
2. கம்பெனி தளத்தில் ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கம்பெனியின் பதிவிலும் உங்கள் நம்பரை மாற்றுங்கள்.
4. பம்ப் தானாக நின்ற பிறகு பெட்ரோல் போடச் சொல்லாதீர்கள்.
5. வாடை வந்தால் வண்டியை நிறுத்துங்கள், தள்ளி வையுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.
6. 101, 112, 1915 இந்த மூன்று எண்களும் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

உங்கள் தெருவில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர் யாராவது இருப்பார். இந்தக் கட்டுரையை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே அவர் வண்டி எண்ணையும் ஒரு முறை சேர்ந்து போட்டுப் பார்த்துவிடுங்கள்.